வேலியில் விட்ட வழி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் சுண்டு எழுதுகிறேன். இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். கேட்டால், “நான் என்ன குழந்தையா?” என்பீர்கள்.

அண்ணன் போனபிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. அவர் தங்கியிருந்த காவல் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அவர் பைனாகுலரை மாட்டிவைத்த ஆணிகூட இப்போது சுவரில் இல்லை. அவருடைய இடத்துக்கு வேறு குதிரை டாக்டரை இன்னும் அனுப்பவில்லை. அதுவரை காவலுக்கும் நான்தான், வைத்தியத்துக்கும் நான்தான். வைத்தியம் என்றால், தூரத்தில் நின்று பார்த்துக் கவலைப்படுவது.

காலையில் மூடுபனி தரையோடு படுத்திருக்கும்போது இந்தக் காட்டுக் குதிரைகளுக்குக் கால்கள் தெரிவதில்லை. முதுகுகள் மட்டும் மிதந்து போகின்றன. சத்தமே இல்லை. முன்னால் போகிற கிழட்டுப் பெட்டைக்குப் பெரியம்மா என்று பேர் வைத்திருக்கிறோம். அவள் நின்றால் கூட்டமே நிற்கும். அவள் தும்மினால்கூட மற்றவை தலையைத் தூக்கி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மேய்கின்றன.

இங்கே பெரிய செய்தி வேலி. சமவெளியின் தெற்குப் பாதியில் சூரிய மின்தகடு போடப்போகிறார்கள். வடக்குப் பாதி, ஏரியோடு சேர்த்து, மிருகங்களுக்கு. நடுவே கிழக்கு மேற்காக நீளக் கம்பி வேலி. குதிரைகள் குளிர்காலத்தில் தெற்கே மேயும், வெயில் காலம் வந்ததும் தண்ணீருக்காக வடக்கே போகும். இது என்றைக்கும் உள்ள வழக்கம். அதனால் வேலியில் ஓர் இடத்தில் மட்டும் திறப்பு விட்டிருக்கிறார்கள். மே மாதக் கடைசியில் அதையும் மூடிவிடுவார்கள். அதற்குள் வடக்கே போகாதவற்றைப் பிடித்து லாரியில் ஏற்றிப் பட்டிக்கு அனுப்பிவிடுவதாக உத்தரவு. பட்டியில் காட்டுக் குதிரை எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார்.

இன்னொன்று. இந்த வருஷம் குளிர் அதிகம். அண்ணனுடைய பழைய பழுப்புக் கோட்டு அங்கே சும்மா இருந்தால் அனுப்பிவைக்கிறீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுண்டு


ஜனவரி 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலமாக இருக்கிறேன். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறேன். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவது என் பழக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சகித்துக்கொள்வது வைத்தியம் ஆகாது.

ஒரு மிருகத்தைப் பெரியம்மா என்று அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு பெரியம்மா இருந்தாள். அவள் முன்னால் நடந்தால் நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம் என்பது வேறு விஷயம்.

இங்கே சமையலறைக் கூரையில் ஈரம் கசிகிறது. மேல்வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. கீழே பல் டாக்டர் புது இயந்திரம் வாங்கியிருக்கிறார். அது காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும். முன்பு நோயாளிகள் கத்துவார்கள். இப்போது இயந்திரம் கத்துகிறது. முன்னேற்றம்தான்.

திறப்பு விட்டிருக்கிறார்கள் என்றால் குதிரைகள் அதன் வழியாகப் போகவேண்டியதுதானே? இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? கதவைத் திறந்து வைத்திருக்கும்போது வெளியே நின்று யோசிப்பவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அடுத்த கடிதத்தில் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு எழுது. நெருக்கி எழுதினால் கண் வலிக்கிறது.

உன் அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் உங்களை விசாரித்தது. உங்கள் கண்ணுக்கு இந்த இடைவெளி போதுமா?

குதிரைகள் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு முன்னால் அவற்றுக்குத் தாண்டிப்போக ஒன்றுமே இருந்ததில்லை. எங்கே நின்றாலும் அங்கிருந்தே வடக்கே போகலாம். இப்போது இரண்டு இரும்புக் கம்பம், நடுவே ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு வழி. பக்கத்தில் டீசல் நாற்றம், மனுஷ நாற்றம், வெயிலில் பளபளக்கிற கம்பி. பெரியம்மா தினமும் வருகிறாள். கல் எறி தூரத்தில் நின்று பார்க்கிறாள். திரும்பிவிடுகிறாள். அவளோடு கூட்டமும் திரும்பிவிடுகிறது.

ஓடையில் மேல்தண்ணீர் வற்றிவிட்டது. பெரியம்மா முன்காலால் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிறாள். குதிரைகள் குடித்துவிட்டு நகர்ந்ததும் அந்தப் பள்ளத்துக்கு முயல் வருகிறது, நரி வருகிறது, ஏழெட்டு வகைக் குருவி வருகிறது. நரியும் முயலும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருக்கின்றன, கல்யாண வீட்டுப் பந்தியில் சண்டைக்காரர்கள் உட்கார்ந்திருப்பதுபோல. குதிரைகளை லாரியில் ஏற்றிவிட்டால் இந்தப் பள்ளத்தை யார் தோண்டுவார்கள்?

போன வாரம் வேலி போகிற தடத்திலேயே ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது; நாலு கூழாங்கல்லுக்கு நடுவே நாலு முட்டை. வேலி போடுகிற மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டி, வளைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

“என்னம்மா இது, குதிரைக்கு வழி விடணும், குருவிக்கு வளைஞ்சு போகணும். நாளைக்கு எறும்பு மனு கொடுக்கும்போல இருக்கே” என்றார்.

“கொடுத்தா வாங்கி வைங்க. நான் வந்து படிச்சுச் சொல்றேன்” என்றேன்.

திட்டிக்கொண்டேதான் வளைத்தார். இப்போது அவரே பக்கத்தில் யாரையும் நடக்க விடுவதில்லை.

கஷ்டம் மேஸ்திரியால் இல்லை, அதிகாரியால். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவரை விசில் சார் என்போம். கெட்ட மனுஷர் இல்லை, அவசரக்காரர். “நாலு பைக்கை விட்டு ஒரு சத்தம் போட்டா எல்லாம் அந்தப் பக்கம் ஓடிடும்மா” என்கிறார்.

“ஓடும் சார். கம்பிமேல ஓடும்” என்றேன்.

போன கடிதத்தில் கோட்டைப் பற்றி எழுதியிருந்தேன். வரிகள் நெருக்கமாக இருந்ததால் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

உங்கள் சுண்டு


மார்ச் 1

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலம். பதில் தாமதமாகிவிட்டது. காரணம் எதுவும் இல்லை, தாமதமாகிவிட்டது.

வரி கண்ணில் பட்டது.

குளிர்காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இனிமேல் எதற்குக் கோட்டு? அடுத்த வருஷத்துக்கு என்றால் இங்கே கடையில் நல்ல கம்பளிக் கோட்டுகள் இருக்கின்றன. தோள் அளவு எழுது, வாங்கி அனுப்புகிறேன். அவருடைய தோளுக்கும் உன் தோளுக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் போட்டால் கொடிக்கம்பத்துக்குச் சட்டை போட்டதுபோல இருக்கும்.

அந்தக் கோட்டு முப்பது வருஷமாக இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அவர் அங்கிருந்து வந்ததும் பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். “உள்ளே கொண்டுவந்தால் வீடு லாயமாகிவிடும்” என்பேன். “லாயத்துல இருக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லையே” என்பார். இப்படியே முப்பது வருஷம். வருஷத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. ஒரு தடவையாவது வந்து பார் என்று அவர் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை.

இப்போது அது உள்ளேதான் இருக்கிறது. எங்கே என்று எழுதவேண்டிய அவசியம் இல்லை.

சில நாட்களாக எனக்கு ஒரு கனவு வருகிறது. குதிரைகள் எங்கள் மாடிப்படி ஏறி வருகின்றன. சத்தம் போடாமல், ஒன்றன்பின் ஒன்றாக, படியின் இடது ஓரமாக. என் வாசலில் உள்ள மிதியடியில் நாலு குளம்பையும் துடைத்துக்கொள்கின்றன. எனக்குத் திருப்தியாக இருக்கிறது. கதவைத் திறக்கப் போகிறேன், விழிப்பு வந்துவிடுகிறது. இந்த வயதில் ஜீரணம் சரியில்லாவிட்டால் இப்படியெல்லாம் வரும்.

தோள் அளவை எழுது.

உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் ஜீரணம் நலமாக இருக்கட்டும். ஆனால் கனவு நிற்க வேண்டாம். குளம்பைத் துடைத்துக்கொண்டு வருகிற குதிரையை நான் நேரில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

புதுக் கோட்டு வேண்டாம், அண்ணி. அந்தக் கோட்டுதான் வேண்டும். போட்டுக்கொள்ள இல்லை. வேலைக்கு. இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு குட்டி பிறந்திருக்கிறது. நேற்று வெயில் ஏறுகிற நேரத்தில் கானல் அலையடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து நாலு நீளக் கால்கள் மட்டும் முதலில் வந்தன. உடம்பு பிறகு வந்து சேர்ந்தது. அது எதையும் வாயில் வைத்துப் பார்க்கிறது. கல்லை, சாணியை, பெரியம்மாவின் வாலை. பெரியம்மாவின் வாலை வாயில் வைக்கிற தைரியம் இந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

ஓடைப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. பெரியம்மா முழங்கால் போட்டுத்தான் இப்போது குடிக்கிறாள்.

மன்னியுங்கள். அனுப்புவீர்களா?

சுண்டு


மார்ச் 24

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலம். இத்துடன் பார்சலில் கோட்டு வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர் இருந்தார். பிறருக்குக் கொடுக்கிற துணியைத் துவைத்து, கிழிசல் தைத்து, மடிப்புக் கலையாமல் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது கொடுத்ததாகாது, கழித்ததாகும் என்பார். ஐம்பது வருஷமாக நான் வேறு மாதிரி எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

லாண்டரிக்காரர் முதலில் வாங்கவே தயங்கினார். “அம்மா, இதுல பாதி மண்ணும்மா. துவைச்சா கோட்டு மிஞ்சுமான்னு தெரியல” என்றார். “மண் போகட்டும், கோட்டு மிஞ்சட்டும்” என்றேன். இரண்டு தடவை துவைக்க வைத்தேன். முதல் தடவை எனக்குத் திருப்தியாக இல்லை. உள்துணி புதிது. பொத்தான்கள் நாலில் மூன்று வேறு வேறு நிறம்; எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே மாதிரி வைத்திருக்கிறேன். பையில் இருந்த வைக்கோல், கயிற்றுத் துண்டு, இன்னதென்று தெரியாத காய்ந்த பொருள் ஒன்று, எல்லாம் எறிந்தாகிவிட்டது. இப்போது அதைப் போட்டுக்கொண்டு யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம்.

இது எனக்குச் சுலபமாக இல்லை. அதைப் பற்றி வேறொன்றும் எழுதவில்லை.

வந்து சேர்ந்ததும் பதில் போடு.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் விழைகிறேன்.

கோட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. மிகவும் அழகாகத் துவைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறீர்கள். பொத்தான்கள் மிகவும் நேர்த்தியாக இருக்கின்றன. உள்துணியும் நல்ல துணி. இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே வெயில் அதிகமாகிவிட்டது. வேலை கொஞ்சம் கூடுதல். அதனால்தான் பதில் தாமதம்.

சுண்டு


ஏப்ரல் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நீ பொத்தானைப் பாராட்டி எழுதியிருக்கிறாய். உன்னை எனக்கு உன் பதினான்கு வயதிலிருந்து தெரியும். என் கல்யாணத்துக்கே ஒரு பொத்தான் அறுந்த சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவள் நீ. இத்தனை வருஷத்தில் ஒரு பொத்தான் இருப்பதையோ இல்லாததையோ நீ கவனித்து நான் பார்த்ததில்லை. “கடமைப்பட்டிருக்கிறேன்” என்று எனக்கு எழுதியிருக்கிறாய். வங்கி மேனேஜருக்கு எழுதுவதுபோல.

பெரியம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. குட்டியைப் பற்றி இல்லை. திறப்பைப் பற்றி இல்லை.

நான் என்ன செய்துவிட்டேன்?

பூசி மெழுகாமல் எழுது. கோட்டைத் துவைக்கப் போட்டதிலிருந்து எனக்கும் அந்தக் கனவு வருவதில்லை. ஜீரணத்துக்கு நான் மருந்து எதுவும் சாப்பிடவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று இந்தத் தடவை நிஜமாகவே பயந்துகொண்டு கேட்கிறேன்.

எழுதிவிடுகிறேன். சமவெளியில் புதிதாக எது வந்தாலும், தண்ணீர்த் தொட்டியோ பாலமோ அளவுக் கல்லோ, அண்ணன் அந்தக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு தூரப் போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. குதிரைகள் வரும். முகர்ந்து பார்க்கும். தெரிந்தவன் வாசனை, இத்தனை வருஷம் தங்களை எதுவும் செய்யாதவன் வாசனை. அதன்பிறகு அந்தப் புதுப் பொருளுக்கு அவை பயப்படுவதில்லை. “நான் அதுங்களைக் கூப்பிடல சுண்டு, பயப்படாதன்னு மட்டும் சொல்றேன்” என்பார். திறப்பின் கம்பத்தில் அதை மாட்டலாம் என்றுதான் கேட்டேன். அவர் இங்கே விட்டுப்போன போர்வைமேல் வேலிச் சாமான்களுக்குக் காவலாக வந்த ஆளின் நாய் ஒரு மாதம் படுத்துத் தூங்கிவிட்டது. வேறு எதுவும் இல்லை.

கோட்டு வந்த மறுநாளே மாட்டினேன். பெரியம்மா வந்தாள். கழுத்தை நீட்டினாள். சோப்பு வாசனை. பலமாக ஒரு தும்மல் போட்டாள். எல்லாம் திரும்பி ஓடின. அதன்பிறகு முன்பு வந்த தூரத்துக்குக்கூட வருவதில்லை.

உங்கள்மேல் குறை இல்லை. காரணத்தைச் சொல்லாமல் கேட்டது நான். எப்படிச் சொல்வேன்? அந்த வாசனை ஆகாது என்றுதான் நீங்கள் அதைப் பால்கனியில் மாட்டவைத்தீர்கள். அதே வாசனையை ஒரு குதிரைக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? பிறகு, கோட்டு உள்ளேதான் இருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்கள். அதைப் படித்தபின் இன்னும் முடியாமல் போயிற்று.

ஓடைப் பள்ளத்தில் இப்போது ஈரம்தான் இருக்கிறது, தண்ணீர் இல்லை. குட்டியின் விலா எலும்பு தெரிகிறது. விசில் சார் பைக்குகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மே இருபத்திரண்டாம் தேதி காலை என்கிறார். அதற்குள் தாமாகப் போனால் போகட்டும், இல்லையென்றால் விரட்டுவேன் என்கிறார். விரட்டினால் கம்பியில் கிழிந்து சாகும். தப்பியது லாரியில் ஏறும்.

நான் தினமும் போய்த் திறப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் வாசனை போதவில்லை.

சுண்டு


மே 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம்.

இத்துடன் ஒரு தலையணை உறை இருக்கிறது. வெள்ளைப் பருத்தி. ஓரத்தில் உள்ள பூவேலை என்னுடையது. கட்டிலில் சுவரோரப் பக்கம் அவருடையது. போன ஜூனிலிருந்து அந்தப் பக்கத்து உறையை மாற்றவில்லை.

காற்றுப் புகாமல் இரண்டு பாலிதீன் பைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். கம்பத்தடிக்குப் போகிறவரை பிரிக்காதே. உன் கைவாசனை படாமல் கிடுக்கியால் எடு.

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. வேலையைப் பார்.

உன் அண்ணி


மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்கவேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடிக்கிறவரை.

பார்சல் இருபதாம் தேதி மாலையில் கிடைத்தது. சனிக்கிழமை தவறாமல் விரிப்பு மாற்றுகிற நீங்கள் என்று ஒரு வரி தொடங்கினேன். அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் போனேன். நீங்கள் சொன்னபடியே கிடுக்கியால் எடுத்துக் கிழக்குக் கம்பத்தில் கட்டினேன். பையைப் பிரித்ததும் ஒரு நொடி எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது, அண்ணன் பின்னால் நிற்கிறாரோ என்று. பிறகு தூரப் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரியும் வந்து உட்கார்ந்தார். விசில் சாரும் வந்தார், பைக்குகள் எங்கே திரும்பவேண்டும் என்று பார்க்க. மேஸ்திரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

பனி இல்லை. ஆனால் வறண்ட புல்லிலிருந்து தூசி எழும்பி வெளிச்சத்தில் நின்றது. அதற்குள்ளிருந்து அவை வந்தன. பெரியம்மா முன்னால். எப்போதும் திரும்புகிற இடத்தில் நின்றாள். காற்று எங்கள் பக்கமிருந்து அவள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவள் மூக்கு விரிவது பைனாகுலரில் தெரிந்தது. நடந்து வந்தாள், அண்ணி. கம்பத்தடிக்கே வந்து, அந்த உறையில் முகத்தை வைத்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கண்ணை மூடியிருந்தாள் என்று மேஸ்திரி சொல்கிறார். அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது பைனாகுலரிலும் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் அவள் தாண்டவில்லை. திரும்பவும் இல்லை. அங்கேயே நின்றுவிட்டாள். மற்றவை அவளுக்குப் பின்னால் வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விசில் சார் காதோரம் வந்து, “இப்ப நான் மெதுவா ஒரு ஊது ஊதட்டுமா?” என்றார். “ஊதுனீங்கன்னா அதைப் புடுங்கி ஓடையில போட்டுருவேன்” என்று மேஸ்திரி சொன்னார். நான் சொல்ல இருந்ததைவிட மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்போது அந்தக் குட்டி பெரியம்மாவின் கழுத்துக்குக் கீழே நுழைந்து வந்தது. அதற்கு அண்ணனைத் தெரியாது. அவர் வாசனையும் தெரியாது. ஒரு துணி ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வாயில் வைத்துப் பார்த்தது. இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து முழு உறையும் அதன் முகத்தில் விழுந்தது. பயந்துபோய் ஒரு துள்ளல், அடுத்த துள்ளலில் திறப்புக்கு அந்தப் பக்கம். பல்லில் உறை மாட்டிக்கொண்டு படபடவென்று அடிக்க, அதற்குப் பயந்து இன்னும் ஓடியது. தாய் கனைத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம். கம்பியை ஒன்றுகூட உரசவில்லை. கடைசியாகப் பெரியம்மா. அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள்.

“பாருங்க, கொடி புடிச்சுக்கிட்டு ஊர்வலம் போகுது” என்றார் மேஸ்திரி. விசில் சார் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். மத்தியானம் திறப்பை மூடினார்கள். சாயங்காலம் எல்லாம் ஏரியில் வயிறுவரை இறங்கி நின்றன.

அண்ணன் வாசனையால் போனதா, குட்டியின் சேட்டையால் போனதா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாசனைக்காகப் பெரியம்மா வந்து நிற்காவிட்டால் குட்டியும் அங்கே வந்திருக்காது.

உறையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளையாக ஒரு புள்ளி வெகுதூரம் தெரிந்தது. பிறகு தூசி. நாளை சுற்றுவழியாக வடக்கே போய்த் தேடப்போகிறேன். ஏரிக்கரை முழுக்கப் பார்த்தாவது எடுத்துவந்து, துவைக்காமல் அப்படியே அனுப்புகிறேன். உங்களிடம் இருந்த ஒன்றே ஒன்றை வாங்கித் தொலைத்துவிட்டேன். என்மேல் கோபமா?

சுண்டு


ஜூன் 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலமாக இருக்கிறேன். உன் முழங்காலோடு ஏரிக்கரை முழுக்க நடந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

துணியைத் தேடவேண்டாம். ஏற்கெனவே தேடத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடு. எங்கேயாவது முள்ளில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலும் எடுக்கவேண்டாம். சுத்தப் பருத்திதான், மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை, மக்கிவிடும். மழை வந்தால் நனையட்டும். பூவேலை கெட்டுப்போகுமே என்று நீ கவலைப்படவேண்டாம். அதை நான் அவ்வளவு நன்றாகப் போடவும் இல்லை.

கோபம் இல்லை. உன் கடிதம் வந்த அன்று சுவரோரத் தலையணையை வெயிலில் வைத்தேன். சாயங்காலம் புது உறை போட்டேன். அன்று ஒன்பது மணிக்கெல்லாம் தூக்கம் வந்துவிட்டது. காலையில் பல் டாக்டரின் இயந்திரம்தான் எழுப்பியது.

கோட்டை உன்னிடமே வைத்துக்கொள். குளிருக்குப் போடு. பொத்தான் அறுந்தால் தைக்கவேண்டாம்.

இத்தனை கடிதத்தில் நீ ஒன்றை எழுதவே இல்லை. இதை நான் யாரிடம் கேட்பது? அந்தக் குட்டி என்ன நிறம்?

உன் அண்ணி